ஆட்டம் சேஜ் செடிக்கு என்ன கோளாறு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

டெக்ஸஸில் "வெயில் தாங்கணும், தண்ணி அதிகம் கேட்கக் கூடாது, பூவும் வேணும்" என்று நர்சரியில் கேட்டால் பெரும்பாலும் கைகாட்டுவது ஆட்டம் சேஜைத்தான். தாவரப் பெயர் சால்வியா கிரெகி. பெயரில்தான் இலையுதிர்காலம் (ஆங்கிலத்தில் ஆட்டம்), வசந்தத்தில் தொடங்கி முதல் உறைபனி வரை விட்டுவிட்டுப் பூத்துக்கொண்டே இருக்கும். ஒன்று முதல் நாலு அடி வரை வளரும் குறுஞ்செடி. 19ஆம் நூற்றாண்டில் மெக்சிகோ எல்லைப் பகுதிகளில் சுற்றித் திரிந்த வணிகரும் இயற்கை ஆர்வலருமான ஜோசையா கிரெக் பெயரால், தாவரவியலாளர் ஆசா கிரே 1870இல் இதற்குப் பெயர் சூட்டினார்.

சொந்த ஊர் தென்மேற்கு டெக்ஸஸும் அதை ஒட்டிய மெக்சிகோவின் சிவாவா பாலைவனப் பகுதியும். அங்கே இது நிற்பது பாறைச் சரிவில். மழை பெய்தால் தண்ணீர் வேரை நனைத்துவிட்டு ஓடிவிடும், தேங்காது. மண்ணில் சத்து குறைவு, சுண்ணாம்பு அதிகம், நாள் முழுக்க வெயில். கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி, இந்த நாலில் ஒன்றை நம் தோட்டத்தில் மாற்றியதால் வருபவை.

மல்லிகையும் கத்தரியும் கறிவேப்பிலையும் வளர்த்துப் பழகிய கை, செடி வாடினால் உடனே ஹோஸைத் தேடும். இந்தச் செடியோ தண்ணீர் குறைந்தாலும் வாடும், மிஞ்சினாலும் வாடும். இலையைப் பார்த்து வித்தியாசம் சொல்வது கஷ்டம், மண்ணைப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே எந்த அறிகுறிக்கும் முன்னால் மூன்று சோதனைகள்.

முதலில் மூன்று சோதனைகள்

குச்சிச் சோதனை: ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரையோ மூங்கில் குச்சியையோ செடியின் அடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஆறு அங்குலம் ஆழம் இறக்கி எடுங்கள். இறங்கவே மறுத்தால் மண் காய்ந்திருக்கிறது. ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் தேவையில்லை. மண்ணில் புளித்த வாடையோ அழுகிய முட்டை வாடையோ வந்தால் வேருக்குக் காற்றே போகவில்லை.

வடிகால் சோதனை: செடிக்குப் பக்கத்தில் ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி ஒரு மணி நேரம் கழித்து எத்தனை அங்குலம் இறங்கியது என்று அளங்கள். ஒன்று முதல் மூன்று அங்குலம் வரை இறங்கினால் போதுமானது. ஓர் அங்குலத்துக்கும் குறைவு என்றால் அந்த இடத்தில் இந்தச் செடியைத் தரைமட்டத்தில் நடக் கூடாது.

கீறல் சோதனை: தண்டின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் அந்தப் பகுதி செத்துவிட்டது. நுனியில் தொடங்கி அடி நோக்கி ஒவ்வொரு சாணுக்கும் கீறிப் பார்த்துக்கொண்டே வந்தால் எதுவரை வெட்டலாம் என்பதும் தெரிந்துவிடும்.

கையில் இருப்பது அந்தச் செடிதானா?

இதைச் சரிபார்க்காமல் வைத்தியம் பார்ப்பவர்கள் நிறைய. "டெக்ஸஸ் சேஜ்" என்று விற்பது சேஜே இல்லை. சாம்பல் நிற இலையும் ஊதாப் பூவும் கொண்ட செனீசோ என்கிற புதர் அது, குடும்பமே வேறு. மழையோ காற்றில் ஈரப்பதமோ வரும்போது மொத்தமாகப் பூத்துவிட்டு ஓய்ந்துவிடும். அது மாதக் கணக்கில் பூக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை, அதன் இயல்பு அப்படி. மீலி சேஜ் என்ற நீலப் பூச் சால்வியாவும் டெக்ஸஸ் மண்ணின் செடிதான். அதன் பூக்காம்பிலும் புல்லிவட்டத்திலும் மாவு தூவியதுபோல் வெண்மை இருக்கும். அதைச் சாம்பல் நோய் என்று நினைத்து மருந்தடிக்காதீர்கள்.

ஆட்டம் சேஜை அடையாளம் காண்பது எளிது. துளசி, தும்பை, கற்பூரவல்லி எல்லாம் இதற்குப் பங்காளிகள். இளந்தண்டு சதுரமாக இருக்கும். இலைகள் எதிரெதிராக, ஓர் அங்குலத்துக்கு மேல் பெரும்பாலும் போகாமல், கசக்கினால் மணக்கும். பூவுக்குத் தும்பையைப் போலவே மேலுதடு, கீழுதடு உண்டு. சின்ன வயதில் தும்பைப் பூவைக் கிள்ளித் தேன் உறிஞ்சியவர்களுக்கு இந்தப் பூவின் அமைப்பை விளக்கத் தேவையில்லை.

சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு நிறத்தில் பூக்கும் "ஹாட் லிப்ஸ்" இதன் நெருங்கிய சொந்தமான சால்வியா மைக்ரோஃபில்லாவின் ரகம். பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். இரவும் புழுங்கும் மாதங்களில் அதன் பூ முழுச் சிவப்பாக மாறும், குளிர்ச்சி திரும்பியதும் மறுபடி இருநிறமாகும். அது நோயும் அல்ல, நர்சரிக்காரர் ஏமாற்றியதும் அல்ல.

புதிதாக நட்ட செடி இரண்டு மூன்று வாரத்திலேயே வாடுகிறது

மதியம் நாலு மணிக்குத் தொங்கிய இலை மறுநாள் காலையில் நிமிர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். வெயிலுக்குப் பயந்து சுருண்ட வாட்டம் அது. காலை ஏழு மணிக்கும் தொங்கினால்தான் குச்சியை எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. நர்சரித் தொட்டியில் இருப்பது மரப்பட்டைத் தூளும் பீட்டும் கலந்த இலகுவான கலவை. அது இரண்டு நாளில் காய்ந்துவிடும். சுற்றியுள்ள களிமண் ஒரு வாரம் ஈரம் காக்கும். களிமண்ணில் குச்சி விட்டுப் பார்த்து "ஈரம் இருக்கிறதே" என்று சும்மா இருந்தால், நடுவில் இருக்கும் வேர்க்கட்டி காய்ந்து செடி வாடும். புதுச் செடிக்கு மட்டும் குச்சியைத் தண்டை ஒட்டி, வேர்க்கட்டிக்குள்ளேயே விட்டுப் பாருங்கள்; தண்ணீரையும் அங்கேயே ஊற்றுங்கள். ஒரு காலன் தொட்டியில் வாங்கிய செடிக்கு முதல் இரண்டு வாரம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு காலன் போதும். பிறகு வாரம் ஒருமுறை, முதல் கோடை முடியும் வரை. இரண்டாம் ஆண்டிலிருந்து, மழையே இல்லாத கோடையில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆழமாக ஊற்றினால் தாங்கும்.

வேர்க்கட்டி ஈரமாகவே இருந்தும் வாடுகிறதா? அப்படியானால் குழியைச் சந்தேகப்படுங்கள். டாலஸுக்கு வடக்கே தொடங்கி வேகோ, ஆஸ்டின் வழியாக சான் அன்டோனியோ வரை நீளும் பிளாக்லேண்ட் பிரெய்ரியின் மண் நமக்குப் புதிதல்ல, சாட்சாத் கரிசல்தான். "ஹூஸ்டன் பிளாக்" என்ற அந்த மண்வகையும் கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலும் மண்ணியல் வகைப்பாட்டில் ஒரே வரிசையில் வருபவை. மழைக்கு உப்பும், வெயிலுக்குக் கை நுழையும் அளவு வெடிக்கும். இந்தக் கரிசலில் ஒரு குழி தோண்டி, உள்ளே நல்ல தொட்டிமண்ணையும் கம்போஸ்டையும் நிரப்பி நட்டால் நீங்கள் கட்டியது ஒரு தொட்டில் அல்ல, ஒரு தொட்டி. சுற்றிலும் தண்ணீர் இறங்காத சுவர், நடுவில் பஞ்சு. மழைத் தண்ணீரெல்லாம் அதற்குள் வந்து நிற்கும்.

திருத்தும் முறை: செடியைத் தோண்டி எடுங்கள். (ஜூன் முதல் செப்டம்பர் வரை இதைச் செய்யாதீர்கள். அந்த மாதங்களில் தண்ணீரை நிறுத்தி, மூடாக்கை விலக்கி, அக்டோபர் வரை ஓட்டுங்கள்.) அந்த இடத்தில் எட்டு முதல் பன்னிரண்டு அங்குலம் உயரத்துக்கு, மூன்றடி அகலத்தில் மேடு கட்டுங்கள். மண்ணைத் தளர்த்த, சூட்டில் பொரித்த ஷேல் கல் (எக்ஸ்பாண்டட் ஷேல்) நர்சரிகளில் மூட்டையாகக் கிடைக்கும். மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்பி ஆறு முதல் எட்டு அங்குலம் ஆழம் கொத்திக் கலக்க வேண்டும். மணலைக் கலக்கவே கூடாது. களிமண்ணும் கொஞ்சம் மணலும் சேர்ந்தால் செங்கல்லுக்குச் சேறு குழைத்த மாதிரிதான்.

மறுபடி நடும்போது குழி வேர்க்கட்டியின் ஆழம்தான், அகலம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு. தொட்டியைச் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர்களை விரலால் பிரித்துவிடுங்கள். பிரியாவிட்டால் மூன்று பக்கமும் கத்தியால் மேலிருந்து கீழாகக் கீறுங்கள். வேர்க்கட்டியின் மேல்பகுதி தரைமட்டத்துக்கு ஓர் அங்குலமாவது மேலே நிற்க வேண்டும். தோண்டி எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள். அக்டோபரும் நவம்பரும்தான் நடவுக்கு உகந்த மாதங்கள். குளிர்காலம் முழுக்க வேர் ஓடிக்கொள்ளும். கடையில் பூவோடு நிற்கிறது என்று ஜூலையில் வாங்கி நட்டால் அந்தக் கோடை முழுக்க நீங்கள்தான் அதற்குத் தாதி.

ஆஸ்டினுக்கு மேற்கே ஹில் கன்ட்ரியில் கரிசல் இல்லை, ஆனால் அரையடியில் சுக்கான் பாறை, அதாவது கெட்டியான சுண்ணாம்புப் படிவம், தட்டும். வேரும் இறங்காது, தண்ணீரும் இறங்காது. கடப்பாரையால் அந்தத் தட்டை உடைத்துத் துளை விழவைக்க முடிந்தால் நடலாம். முடியாவிட்டால் அங்கேயும் மேடுதான்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை, எந்த மாதம், மண் எப்படி? இந்த மூன்றும் தெரியாமல் சத்துமருந்து வாங்காதீர்கள்.

அடி இலைகள் முதலில் மஞ்சளாகி, மண்ணும் ஈரமாக இருந்தால் தண்ணீர் மிஞ்சிவிட்டது. பெரும்பாலும் குற்றவாளி புல்தரையின் ஸ்பிரிங்க்ளர். செயின்ட் அகஸ்டின் புல்லுக்கு வாரம் ஓர் அங்குலம் தண்ணீர் வேண்டும். அதே வரிசையில் நிற்கும் சேஜுக்கும் அதுவே போகிறது. இது இந்தச் செடிக்குக் கோடையிலேயே அதிகம், ஏப்ரலில் விஷம். அந்தப் பக்கத்து முனையை மூடிவிடுங்கள் அல்லது செடிகளைத் தனி வால்வுக்கு மாற்றி, மணிக்கு ஒரு காலன் சொட்டும் முனை இரண்டை ஒவ்வொரு செடிக்கும் தண்டிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். இலைமேல் தண்ணீர் படாததால் பூஞ்சையும் குறையும்.

நுனிக் கொழுந்து இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து செடிக்குள் போகவில்லை. மண்ணில் இரும்பு இல்லாமல் அல்ல. காரத்தன்மை கூடிய சுண்ணாம்பு மண் அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. சுண்ணாம்பு நிலத்தில் பிறந்த செடிக்கு ஏன் இந்தக் குறை? வேர் மூச்சுமுட்டினால் கரையாத இரும்பை இழுக்கும் திறன் போய்விடும். எனவே முதலில் ஈரத்தைச் சரிசெய்யுங்கள். பலநேரம் அத்தோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் அன்னபேதி உப்பு (இரும்பு சல்ஃபேட்) போடும் பழைய பழக்கம் இங்கே உதவாது. காரத்தன்மை (pH) எட்டை நெருங்கும் மண்ணில் அது விழுந்த கொஞ்ச நாளிலேயே செடிக்கு எட்டாத உருவத்துக்கு மாறிவிடும். இரும்பை மண் பிடித்துக்கொள்ளாமல் காக்கும் இரும்புச் செலேட் வாங்கும்போது உறையில் "இ.டி.டி.எச்.ஏ" என்று இருக்கிறதா பாருங்கள். "இ.டி.டி.ஏ" வகை அமில மண்ணுக்கானது, விலை குறைவு, இங்கே வீண். செலேட்டை உறையில் சொன்ன அளவில் கரைத்து மண்ணில் ஊற்ற வேண்டும். பழைய மஞ்சள் இலை முழுதாகப் பச்சையாகாமல் போகலாம். அடுத்து வரும் கொழுந்தின் நிறத்தை வைத்தே பலனைக் கணக்கிடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் நாட்களில் உள்பக்க இலைகள் மஞ்சளாகி உதிர்ந்து, நுனி இலை மட்டும் நின்றால் செடி தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது. குச்சிச் சோதனையில் மண் காய்ந்திருந்தால் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் காட்டுங்கள். வேறெதுவும் செய்ய வேண்டாம்.

இலை மஞ்சளாவதற்குப் பதில் முறுக்கிக்கொண்டு, கிண்ணம்போல் குவிந்து, நாடாவாக மெலிந்து வருகிறதா? சமீபத்தில் புல்தரைக்குக் களைக்கொல்லி கலந்த உரம் போட்டீர்களா என்று யோசியுங்கள். அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்துக்கு உங்கள் சேஜும் அகன்ற இலைச் செடிதான். லேசான பாதிப்பு என்றால் முறுக்கிய நுனிகளை வெட்டிவிட்டால் அடுத்த துளிர் நேராக வரும்.

செடி செழிப்பு, பூ மட்டும் இல்லை

வெயில் முதல் காரணம். ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும், எட்டு கிடைத்தால் நல்லது. நடும்போது வெட்டவெளியாக இருந்த இடம், பக்கத்து ஓக் மரம் வளர்ந்ததும் ஐந்து வருடத்தில் நிழலாகியிருக்கும். நிழலில் செடி செத்துவிடாது, கிளைகள் நீண்டு வெளிச்சத்தைத் தேடிச் சாயும், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும்.

இரண்டாவது காரணம், அன்பு. மாட்டு எரு, அரிசி கழுவிய தண்ணீர், மீன் அமிலம், போதாததற்குப் புல்லுக்குப் போடும் தழைச்சத்து உரம். தழைச்சத்து கூடினால் இலை பெருத்து, தண்டு நீண்டு, மழைக்கு ஒடிந்து விழும். வருடத்துக்கு ஒருமுறை, வசந்தத்தில், அரை அங்குலக் கம்போஸ்ட் மேலே தூவினால் போதும். கரிசலில் அதுகூட வேண்டியதில்லை.

மூன்றாவது, காலம். கடும் கோடையில் பூ குறைவது வழக்கம்தான். ஆனால் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இந்தச் செடி புதுத் துளிரின் நுனியில்தான் பூக்கும். ஆகஸ்ட் நடுவில் செடி முழுவதையும் மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்து, அன்றே ஆழமாக ஒரு தண்ணீர் விட்டால், துளிர்த்து செப்டம்பர் பிற்பாதியிலிருந்து நவம்பர் வரை பூத்துத் தள்ளும். செடியின் பெயருக்கு நியாயம் செய்வது இந்தப் பருவம்தான். ரீங்காரச் சிட்டுகள் (ஹம்மிங்பேர்ட்) தெற்கு நோக்கிப் பறக்கும் காலமும் அதுவே என்பதால் ஆகஸ்ட் கவாத்தை மட்டும் தவறவிடாதீர்கள். வசந்தத்திலும் ஒவ்வொரு சுற்றுப் பூ முடிந்ததும் காய்ந்த பூக்காம்புக்குக் கீழே இரண்டு கணு விட்டு நுனியைக் கிள்ளிவிடலாம். ஐந்து செடிக்கு ஒரு கத்தரியோடு பத்து நிமிட வேலை.

அடி மரமாகிவிட்டது, நடுவில் வழுக்கை

இரண்டு மூன்று வருடம் கவாத்தே பார்க்காத செடி இப்படி ஆகும். கீழே குச்சிகுச்சியாக மரம், மேலே மட்டும் கொத்தாக இலை. மரமான கிளை எளிதில் ஒடியும். நாய் ஒன்று குறுக்கே ஓடினால் பாதிச் செடி பிளந்துவிடும்.

தவிர்க்கும் வழி வருடாந்திரக் கவாத்து. டெக்ஸஸில் ரோஜாவைக் காதலர் தினத்தை ஒட்டி வெட்டுவது வழக்கம். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடலாம். ஹூஸ்டன், சான் அன்டோனியோ பக்கம் பிப்ரவரி நடுவில், டாலஸ் பக்கம் மார்ச் முதல் வாரத்தில், செடியைப் பாதி உயரத்துக்குக் குறையுங்கள். அடியில் சின்னச் சின்னத் துளிர் கண் தெரியும் இடத்துக்கு மேலே வெட்ட வேண்டும். இலையுதிர்காலத்தின் கடைசியில் வெட்டாதீர்கள். அப்போது வரும் இளந்துளிரை அடுத்த உறைபனி கருக்கிவிடும்.

ஏற்கெனவே மரமாகிவிட்ட செடியை ஒரே அடியில் மொட்டையடித்தால் துளிர்க்காமலே போகலாம். இலையோ கண்ணோ இல்லாத பழைய மரத்தில் புதுத்துளிர் வருவது நிச்சயமில்லை. மிகப் பழைய கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் இந்த வருடம் அடியோடு எடுங்கள். வெளிச்சம் உள்ளே விழுந்ததும் அடியில் கண் விடும். அடுத்த வருடம் இன்னொரு பங்கு, அதற்கடுத்த வருடம் மிச்சம்.

வயதான செடி என்றால் அதை மீட்பதைவிட அதிலிருந்து புதுச் செடி எடுப்பது லாபம். ரகப் பெயர் உள்ள செடி விதையில் அதே நிறத்தில் வராது, துண்டு வைத்தால்தான் வரும். ஏப்ரல், மே அல்லது செப்டம்பரில், பூக்காத இளநுனியை மூன்று நாலு அங்குலத்துக்கு, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளி, மேலே இரண்டு ஜோடி மட்டும் விடுங்கள். பெர்லைட்டும் பீட்டும் சரிபாதி கலந்த ஈரக் கலவையில் இரண்டு கணு புதையும்படி ஊன்றி, நேரடி வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். வேரூக்கிப் பொடி இருந்தால் தொடலாம், இல்லாவிட்டாலும் பிடிக்கும். மேலே தளர்வாக ஒரு பிளாஸ்டிக் பை கவிழ்த்து, தினமும் ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள். இரண்டு முதல் நாலு வாரத்தில் வேர் பிடிக்கும். துண்டு கறுத்து அழுகினால் கலவையில் ஈரம் அதிகம். பத்து ஊன்றினால் ஆறு ஏழு தேறும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பூ இருக்கிறது, சிட்டும் தேனீயும் வரவில்லை

மாதத்தைப் பாருங்கள். மத்திய டெக்ஸஸுக்குக் கருமோவாய் ரீங்காரச் சிட்டு மார்ச் நடுவில் வந்து சேரும். செந்தொண்டைச் சிட்டு வலசையில் அதிகமாகத் தென்படுவது செப்டம்பரில். கடலோர ராக்போர்ட்டில் அந்த மாதத்தில் இதற்கென்றே விழா நடக்கிறது. ஜனவரியில் பூத்தும் சிட்டு வரவில்லை என்றால் செடியின் தவறல்ல.

ஒற்றைச் செடி பறவையின் கண்ணில் படாது. ஒரே நிறத்தில் மூன்று முதல் ஐந்து செடிகளை மூன்றடி இடைவெளியில் கூட்டமாக வையுங்கள். சிட்டுக்குச் சிவப்பு எளிதில் பிடிபடும். சால்வியாப் பூவுக்குள் மகரந்தத் தண்டுகள் இரண்டும் ஏற்றம்போல் வேலை செய்யும். தேன் தேடி வரும் அலகோ தலையோ உள்ளே ஒரு முனையைத் தள்ள, மறுமுனை கீழே இறங்கி மகரந்தத்தை வந்தவர் மேல் பூசிவிடும். வேலை முடிந்த பூ ஓரிரு நாளில் உதிர்ந்து, புல்லிவட்டம் மட்டும் காம்பில் நிற்கும். தரையெல்லாம் சிவப்பாகப் பூ உதிர்ந்து கிடப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பூவின் அடிப்பகுதியில் சின்னக் கீறல் தெரிந்தால் தச்சு வண்டின் வேலை. உடம்பு பெருத்த அந்தக் கருவண்டு குழலுக்குள் நுழைய முடியாமல், வெளியிலிருந்தே கிழித்துத் தேனைத் திருடும். பின்னாலேயே வரும் தேனீக்கள் அதே ஓட்டையில் குடிக்கும். மகரந்தச் சேர்க்கை நடக்காததால் விதை குறையும்; செடிக்கு வேறு நஷ்டமில்லை. மருந்தடித்து விரட்ட நினைக்காதீர்கள், அந்த வண்டு மற்றப் பூக்களுக்கு நல்ல சேவகன். தோட்டத்தில் மீலி சேஜும் இரண்டு செடி இருந்தால் தேனீக்களுக்குச் சுலபமான பூ கிடைக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் தேனீ நடமாட்டமே இல்லையென்றால் மருந்தைச் சந்தேகப்படுங்கள். ரோஜாவுக்கென்று விற்கும் "எல்லாம் ஒன்றில்" மருந்துகள் சிலவற்றில் இமிடாகுளோபிரிட் இருக்கும். வேரில் ஊற்றினால் அது செடி முழுக்கப் பரவித் தேனிலும் மகரந்தத்திலும் வரும். ரோஜாவுக்கு ஊற்றினாலும் பக்கத்தில் நிற்கும் சேஜின் வேர் குடிக்கும். வாங்கும்போதே இந்த வகை மருந்து காட்டாத செடியா என்று நர்சரியில் கேட்டுவிடுங்கள்.

பூச்சி, பூஞ்சை

அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணமுள்ள இலை என்பதால் மான்கூடப் பெரும்பாலும் ஒதுங்கும். கோடையில் இலை சாம்பல் பூத்து, ஊசிக்குத்துப் புள்ளிகளாக வெளிறி, அடியில் நூலாம்படை தெரிந்தால் செஞ்சிலந்தி. வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக் கிளையைத் தட்டினால் புள்ளி புள்ளியாக ஊர்வது தெரியும். அசுவினிக்கும் இதற்கும் ஹோஸின் வேகமான தாரையை இலையின் அடிப்பக்கம் படும்படி, காலை நேரத்தில், மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு வாரம் அடித்தாலே கட்டுப்படும். வேப்பெண்ணெய் தெளிப்பதானால் தேனீ கூடு திரும்பிய பிறகு, மாலையில். 90 டிகிரிக்கு மேல் போகும் நாட்களில் வேண்டாம், இலை கருகும்.

விரலால் தேய்த்தால் அழியும் வெள்ளைப் பொடி இலைமேல் படர்ந்தால் சாம்பல் நோய். நிழலும் நெருக்கமும் காரணம். உள்கிளைகளைக் கழித்துக் காற்றோட்டம் கொடுங்கள்.

ஒரு கிளை மட்டும், அல்லது முழுச் செடியும் திடீரெனக் காய்கிறது

ஒரு கிளை மட்டும் என்றால் அடியில் விரிசல் இருக்கும். தடவிப் பார்த்து வெட்டிவிடுங்கள்.

முழுச் செடி என்றால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தைத் தோண்டிப் பாருங்கள். பட்டை கறுத்து, நெகிழ்ந்து, கையோடு வந்தால் அடியழுகல். மரத்தூள் மூடாக்கைத் தண்டைச் சுற்றி எரிமலைபோல் குவித்த இடங்களில் இது அதிகம். இந்தச் செடிக்கு மரத்தூளே வேண்டாம். சிறு கற்களையோ கிரானைட் பொடிக்கல்லையோ இரண்டு அங்குலக் கனத்துக்கு, தண்டிலிருந்து மூன்று அங்குலம் விலக்கிப் போடுங்கள். அழுகிய செடி மீளாது. மேலே இன்னும் பச்சையாக இருக்கும் நுனிகளைத் துண்டுக்கு எடுத்துக்கொண்டு பிடுங்கிவிடுங்கள்.

ஜூலை முதல் செப்டம்பருக்குள், இலை உதிராமல் அப்படியே பழுப்பாகித் தொங்க, இழுத்தால் வேர் சுலபமாக வந்துவிட, பக்கத்தில் வேறு வகைச் செடிகளும் அதேபோல் சாகின்றனவா? பருத்தி வேரழுகல் பூஞ்சையாக இருக்கலாம். காரக் களிமண்ணும் சூடும் சேர்ந்த இடங்களில் வாழும் இந்தப் பூஞ்சை 2,000க்கும் மேற்பட்ட அகன்ற இலைத் தாவரங்களைத் தாக்கும். வேரில் பழுப்பு நிற நூலிழைகள் உருப்பெருக்கிக் கண்ணாடியில் தெரியும். அந்த வட்டத்துக்குள் மறுபடி சேஜ் வைக்காதீர்கள். புல்வகை, யூக்கா, கற்றாழை போன்ற ஒருவித்திலைச் செடிகள் அங்கே தாங்கும்.

தொட்டியில் வளர்த்தால்

கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி ஆகஸ்ட் வெயிலில் வேரை வேகவைத்துவிடும். பதினான்கு அங்குல மண்தொட்டி, தொட்டிமண் இரண்டு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, சிறுகல் ஒரு பங்கு. அடித்தட்டு வேண்டாம். தொட்டிச் செடிக்கு வறட்சி தாங்கும் என்ற பெருமை செல்லாது. கோடையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்ததும் தண்ணீர் வேண்டும்.

குளிர் முடிந்தது, குச்சிதான் மிச்சம்

மிதமான குளிரில் பாதி இலையோடு நிற்கும் செடி இது. பத்து டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இறங்கினால் மேல்பகுதி சாகும், வேர் பெரும்பாலும் பிழைக்கும். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டாலஸ் மைனஸ் 2 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய மைனஸ் 19 செல்சியஸ் வரை போனது. அந்த மாதிரிக் குளிரில் உலர்ந்த மேட்டில் நிற்கும் செடிக்கும் ஈரக் களிமண்ணில் நிற்கும் செடிக்கும் ஒரே கதி நேர்வதில்லை. ஈரத்தில் நிற்கும் வேர்தான் முதலில் போகும்.

பிப்ரவரியில் குச்சியாக நிற்கிறது என்று பிடுங்கிவிடாதீர்கள். கீறல் சோதனை செய்து பச்சை தெரியும் இடம்வரை வெட்டுங்கள். எங்கேயும் பச்சை இல்லாவிட்டால் தரையிலிருந்து மூன்று அங்குலம் விட்டு வெட்டி, தண்ணீர் ஊற்றாமல் ஏப்ரல் கடைசி வரை பொறுங்கள். அடியிலிருந்து சிவந்த சிறுதுளிர் வந்தால் அதே ஆண்டிலேயே பூக்கும். மே பிறந்தும் அசைவில்லை என்றால் தோண்டி எடுத்துவிட்டு, புதுச் செடியை அக்டோபருக்கு எழுதி வையுங்கள்.